எங்கட வீட்டு வாக்கு

பிரெஞ்சு கதைக்கிற இந்தக் குளிர் நகரத்தில, வில்லரேப் பகுதியில நாங்கள் இருந்த கட்டடத்தில எனக்கு மேல்வீட்டில ஒரு மன்னார்ப் பிள்ளை இருந்தா. நான் யாழ்ப்பாணம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதா கோயில், ஒரே மெட்ரோ. ரெண்டாயிரத்துக்குப் பிறகு, பெரியாக்களுக்கான பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில பக்கத்துப் பக்கத்தில இருந்தம். சிறுபிள்ளையள் பராமரிக்கிற வேலைக்குப் படிக்கிறதெண்டால் உயர்பள்ளிச் சான்றிதழ் வேணும், அதுக்கு இந்த நாட்டுச் சரித்திரமும் பாஸ் பண்ண வேணும்.

நாற்பது வயதில, பிரெஞ்சில, சரித்திரம். சிரிக்காதேங்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தாப் பிறகு எனக்கு வகுப்பில நித்திரையே வரேல்லை. மேல்வீட்டுக்காரிக்கு ரயில் பாதையில பைத்தியம். மேற்குக் கடல் மட்டும் தண்டவாளம் போட்டு, தந்திக்கம்பி இழுத்து, நாட்டைப் பெருப்பிச்ச கதையை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பா. அது ஆரின்ர நிலத்துக்கு மேலால போனது எண்டு நான் கேட்டால், "உங்களுக்கு எல்லாத்திலயும் ஒரு குறை" எண்டு முழங்கையால இடிப்பா.

எனக்குப் பிடிச்சது வாக்குப் போட்ட கதை. அந்தக் காலத்தில மேடையில ஏறி நிண்டு, இன்னாருக்குத்தான் என்ர வாக்கு எண்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேணுமாம். கீழ தடியோட ஆக்கள் நிப்பினமாம். இரகசிய வாக்கு பேந்துதான் வந்தது. வாத்தியார் இன்னொண்டும் சொன்னார். இந்தப் பக்கத்தில சொத்து வச்சிருந்த பெண்கள் கொஞ்சப் பேர் முந்தி வாக்குப் போட்டிருக்கினம். சட்டத்தில ஒரு வரி எழுதி அதை வெட்டி விட்டது ஆரெண்டு நினைக்கிறியள்? மக்களாட்சி வேணும், சீர்திருத்தம் வேணுமெண்டு தொண்டை கிழியக் கத்தின அதே ஆக்கள்.

மேல்வீட்டுக்காரி வாங்கில ஓங்கி அடிச்சா. "நம்பின ஆக்களே கழுத்தறுத்திருக்கினம், பாருங்கோ அக்கா" எண்டா. அவவுக்குக் கண் கலங்கினதை நான் பக்கத்தில இருந்து பாத்தனான்.

எங்கட கோயில் தமிழ்ச் சங்கத்திலயும் அதே கூத்துத்தான் நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு. புருசன்மார் கை தூக்குவினம், அதுவும் தலைவர் எந்தப் பக்கம் பாக்கிறார் எண்டு பாத்துத் தூக்குவினம். கோயிலுக்குக் கீழ இருக்கிற மண்டபத்தில சனிக்கிழமையில நாங்கள் பெண்கள் தமிழ் வகுப்பு நடத்தி வந்தம். அதை நிப்பாட்டி, அந்த நேரத்தை ஆம்பிளையளின்ர பட்மின்டனுக்குக் குடுத்ததும் கை தூக்கித்தான். படிப்பிச்ச நாங்கள் குசினி வாசல்ல ரோல்ஸ் தட்டோட நிண்டு பாத்துக்கொண்டிருந்தம்.

அப்பதான் நாங்கள் ரெண்டு பேரும் முடிவெடுத்தம். அடுத்த பொதுக்கூட்டத்தில ரெண்டு விசயம் கேக்கிறது. ஒண்டு, இரகசிய வாக்கு. மற்றது, வீட்டுக்கு ஒண்டில்லை, பெரியாள் ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு. குளிருக்குள்ள வீடு வீடாப் போனம். அஹுன்ட்சிக் பக்கம் பஸ்ஸுக்கு நிண்டு கால் விறைச்சுப் போச்சு. அவவுக்கு வாய் நல்லாக் கதைக்கும், கோயில் சாமியாருக்கும் அவவில நல்ல விருப்பம். அதால நீயே எழும்பிக் கதை பிள்ளை எண்டு நான்தான் சொன்னனான்.

என்ர மனுசன், இவருக்கும் எல்லாம் தெரியும். புவாண்ட்-கிளேரில பண்டகசாலை வேலை முடிஞ்சு வந்து, சோதினைக்கு என்னைக் கேள்வி கேட்டு ஆயத்தப்படுத்தினவரே இவர்தான். "நீர் கேக்கிறது ஞாயம்" எண்டு சோத்துக் கோப்பைக்கு மேல சத்தியம் பண்ணாத குறை.

பூசை முடிஞ்சு கூட்டம் தொடங்கிச்சுது. மேல்வீட்டுக்காரி எழும்பினா. இரகசிய வாக்கைப் பற்றி அப்பிடி அழகாக் கதைச்சா. மேடை, தடியாக்கள், எல்லாம் சொன்னா. சனம் தலையாட்டிச்சுது. பேந்து சொன்னா: "வாக்குச் சீட்டு வீட்டுக்கு ஒண்டே காணும். புருசன் பெண்சாதிக்குள்ள வீண் பிரச்சினை வேண்டாம்."

நாங்கள் கேக்க இருந்த ரெண்டாவதை அவவே வெட்டி விட்டிட்டா. தலைவர் சிரிச்சுக்கொண்டு, இனிமேல் செயற்குழுவில பெண்கள் பக்கத்துக்கும் ஒராள் இருப்பா எண்டு அறிவிச்சார். ஆரெண்டு நான் சொல்ல வேணுமே? எல்லாம் முதலே பேசி முடிச்சு வச்சிருக்கினம்.

ஆதரிக்கிறவை கை தூக்குங்கோ எண்டார். நான் இவரைத் திரும்பிப் பாத்தன். எனக்குப் பக்கத்தில, என்ர தோளில முட்டுற மாதிரி, இவரின்ர கை மேல நிண்டது.

வீட்டை வந்து கேட்டன். "எல்லாரும் தூக்கினவை, நான் மட்டும் தூக்காமல் இருக்கிறதே?" எண்டார். சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு, சாப்பாடு என்னெண்டும் கேட்டார்.

மேல்வீட்டுக்காரியைப் படியில மறிச்சன். "முதல்ல கிடைக்கிறதை எடுப்பம் அக்கா, பேந்து மற்றதைப் பாப்பம்" எண்டா.

"வாங்கில அடிச்ச கை எங்க போச்சு?"

"அது சரித்திரம் அக்கா. இது எங்கட ஆக்கள்."

அதுக்குப் பிறகு நான் அவவோட கதைக்கிறதை விட்டிட்டன். சோதினை ரெண்டு பேரும் பாஸ். இரகசிய வாக்கைப் பற்றின கேள்விக்கு அவவும் வடிவா எழுதியிருப்பா எண்டுதான் நினைக்கிறன்.

அடுத்த வருசம் மண்டபத்து நேரத்தைத் திருப்பியும் வாக்குக்கு விட்டினம். பட்மின்டனோ, தமிழ் வகுப்போ. இந்த முறை சீட்டு. எங்கட வீட்டுச் சீட்டை இவர் வாங்கினார். உள்ளங்கையால மறைச்சு எழுதி, நாலா மடிச்சுக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள போட்டார். வகுப்பு தோத்துப்போச்சு. போகேக்க மெட்ரோவில கேட்டன்.

"எந்தப் பக்கத்துக்கப்பா போட்டனீங்கள்?"

இவர் சிரிச்சார். "இரகசிய வாக்கெல்லோ. நீர்தானே கேட்டு வாங்கினது."

முந்தியெண்டால் இவரின்ர கையையாவது கண்ணால கண்டிருப்பன். எங்கட வீட்டு வாக்கு எந்தப் பக்கம் விழுந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது.