வலிக்காத காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

முதலில் வந்தது வாடைதான்.

சிம்பாங் அம்பாட் சந்திப்பில் சிவப்பு விளக்குக்காக மோட்டாரை நிறுத்தியிருந்தேன். மோட்டார் என்றால் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள். ரப்பர் கருகும் வாடை அடித்தது. முன்னால் நின்ற லோரியின் டயர் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, "அபாங், காக்கி, காக்கி" என்று மலாயில் சொல்லி என் காலைக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் புகைக்குழாயில் சாய்ந்திருந்தது. சிலிப்பரின் ஓரம் உருகி வழிந்திருந்தது. கணுக்காலுக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

காலை இழுத்துக்கொண்டேன். இதோ வலிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்தபடி காத்திருந்தேன். விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வலி வரவேயில்லை.

என்னைப் போல வராத வலிக்காகக் காத்திருந்தவர்களுக்கும், இனிமேல் காத்திருக்கப்போகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஏர்கோன் (ஏசி) பழுதுபார்ப்பது என் தொழில். மஸ்ஜித் தானாவில் வீடு. கருவிப்பையை மோட்டாரில் வைத்துக்கொண்டு அலோர் காஜா, சிம்பாங் அம்பாட் என்று வீடு வீடாகப் போவேன். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், எனக்குப் பல வருடங்களாக உண்டு. மாத்திரையை ஒழுங்காகத்தான் எடுத்து வந்தேன். மாத்திரை எடுத்தால் போதும் என்றுதான் நானும் என் மனைவி எஸ்தரும் நம்பியிருந்தோம்.

தீக்காயத்தைப் பார்த்த எஸ்தர் மறுநாளே என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் மாலதி என் மகள் வயதுப் பெண். காயத்துக்கு மருந்து வைத்து முடித்ததும், மேசை இழுப்பறையிலிருந்து தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழையை எடுத்தார்.

"அங்கிள், கண்ண மூடிக்கோங்க. இத வச்சு பாதத்துல தொடுவேன். தொடுறது தெரிஞ்சா 'ஆமா'ன்னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ இருமினார்கள். டாக்டர் எதையோ தேடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்?"

கண்ணைத் திறந்தேன். டாக்டர் இழையை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

"முடிஞ்சிருச்சு அங்கிள். ரெண்டு காலுக்கும்."

அதற்கு நியூரோபதி என்று பெயர் சொன்னார் (நீண்ட காலச் சர்க்கரையால் நரம்புகள் பழுதாகி உணர்வு போய்விடுவது). போன உணர்வு அநேகமாகத் திரும்பாது என்றும், இனிமேல் காலை நான்தான் கண்ணால் பார்த்துக் காப்பாற்ற வேண்டும் என்றும் சொன்னார். சிலிப்பர் போட்டு மோட்டார் ஓட்டவே கூடாது, காலை முழுக்க மூடுகிற நல்ல காலணி வாங்குங்கள் என்றார்.

தீக்காயம் ஆறியதும் மலாக்கா டவுனுக்குப் போய் பூட்ஸ் வாங்கினேன். தனியாகத்தான் போனேன். மோட்டார் ஓட்டிகளுக்கென்றே செய்த பூட்ஸ் அது. கணுக்காலின் இரண்டு பக்கமும் கெட்டியான வளையம், விரல் நுனியில் இரும்புக் கவசம், கியர் போடும் இடத்தில் தடித்த ரப்பர். கடைக்கார இளைஞர் இழுத்துக் கட்டிவிட்டார். தொளதொளவென்று இருந்தால் விழும்போது கணுக்கால் மடங்கிவிடும், கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும் என்றார். கடைக்குள் நடந்து பார்க்கச் சொன்னார்.

நடந்து பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. எங்கேயும் இறுக்கவில்லை. இத்தனை சுகமான காலணியை நான் போட்டதே இல்லை என்று அவரிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் போட்டுக்கொண்டு கிளம்பியவன் பொழுது சாயத்தான் வீடு திரும்பினேன். எஸ்தர்தான் பூட்ஸைக் கழற்றினாள். இடது கால் உறை பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து உரித்தாள். சுண்டுவிரலின் வெளிப்பக்கம் தோலே இல்லை. அதன் கீழே ஒரு சிறு குழி.

"வலிக்கலையா உங்களுக்கு?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை.

கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். அந்த வாரத்திலேயே காய்ச்சல் வந்தது. பாதம் வீங்கி, கருஞ்சிவப்புக் கோடு ஒன்று கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியது. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஆஸ்டியோமைலைட்டிஸ் என்றார்கள் (கிருமி எலும்புக்குள் இறங்கிவிடுவது). முதலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். பிறகு அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகும் புண் ஓயவில்லை. டிப்ரைட்மென்ட் (செத்துப்போன சதையை வெட்டி நீக்குவது) செய்யும்போது மட்டும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கத்தி படுவது தெரியாது. கிண்ணத்தில் எதையோ போடும் சத்தம் மட்டும் கேட்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஆறுமுகம் அண்ணன் இருந்தார். உம்பாயில் மீன் பொரிக்கும் கடையொன்றில் அடுப்படியில் நின்றவர். அவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை.

"மொதல்ல எனக்கும் வெரல்தான்னு சொன்னாங்க தம்பி" என்றார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் கட்டு மாற்றுபவர்களின் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். அவர்கள் பேசாமல் இருந்தாலும் பயம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டாலும் பயம்.

எங்கள் சபையிலிருந்து பாஸ்டர் வந்து கட்டிலோரம் நின்று ஜெபித்தார். ஆண்டவரே, உமது பிள்ளையின் வேதனையை எடுத்துப்போடும் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளுக்குள் அதற்கு எதிராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலியைக் கொடும். ராத்தூக்கம் போகிற வலியாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கே எனக்கென்று ஒரு வலியைத் திருப்பிக் கொடும். அவர் போன பிறகு எஸ்தரிடம் இதைச் சொன்னேன். அவள் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தினாள். பிறகு மறுபடி உரித்தாள்.

கால் தப்பியது. ஏன் எனக்குத் தப்பியது, ஆறுமுகம் அண்ணனுக்கு ஏன் தப்பவில்லை என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களும் சொல்லவில்லை. இரண்டு விரல் இல்லாத இடது காலோடு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இருந்த மாதங்கள் மருத்துவமனையைவிட மோசம். எஸ்தர் பாலர் பள்ளியில் சமைக்கப் போய்விடுவாள். நான் வாசல் கூரைக்குக் கீழே நின்ற மோட்டாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எங்கள் தாமானுக்குள் (குடியிருப்புக்குள்) பஸ் வராது. கார் இல்லை. கருவிப்பையைச் சுமந்துகொண்டு நடக்கிற காலும் இல்லை. ஜொகூரில் இருக்கும் மகள் போன் செய்தால், தூங்குகிறேன் என்று எஸ்தரைச் சொல்லச் சொல்வேன். ஒருநாள் காலைக் கழுவாமல், பார்க்காமல் அப்படியே போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். எது வந்தாலும் வரட்டும் என்றிருந்தது.

எஸ்தர் போர்வையை விலக்கி, கைக்கண்ணாடியைப் பாதத்துக்குக் கீழே பிடித்தாள்.

"விடு எஸ்தர். என்னா ஆனா என்னா இப்போ."

"நீங்க பாக்கலன்னா நான் பாப்பேன்லா. பேசாம படுங்க" என்றாள். ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வேலைக்குத் திரும்பலாமா என்று டாக்டர் மாலதியிடம் கேட்டது அவள்தான். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டாதீங்கன்னு சொல்றதுதான் என் வேலை அங்கிள். ஓட்டித்தான் ஆகணும்னா கால்ல கியர், கால்ல பிரேக் உள்ளது வேணாம். ரெண்டு பிரேக்கும் கையில இருக்கிற ஸ்கூட்டர் பாருங்க. அப்புறம், அந்தப் பழைய பூட்ஸ கண்ணுல காட்டாதீங்க."

புதிய பூட்ஸை எப்படித் தேடுவது என்றும் அவரே சொல்லிக் கொடுத்தார். இது உங்களுக்கும் உதவலாம். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும், அப்போதுதான் அளவு எடுக்க வேண்டும். அட்டையில் நின்று பாதத்தை வரைந்து, வெட்டி எடுத்துப்போக வேண்டும். அந்த அட்டை பூட்ஸுக்குள் ஓரம் மடங்காமல் போனால் மட்டும்தான் காலை உள்ளே விடலாம். காலைக் கேட்டுப் பயனில்லை, அது எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லும். உள்ளே தையல் மேடு இருக்கக் கூடாது. காப்பு எல்லாம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உட்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் கையை உள்ளே விட்டு மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்க்க வேண்டும்.

ஏர்கோன் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி என் இரண்டு பாதங்களையும் செய்தோம். இடது அட்டை ஒரு பக்கம் சரிந்து, வரையத் தெரியாதவர் வரைந்தது போல இருந்தது. அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு மலாக்கா டவுனில் கடை கடையாக ஏறினோம். ஒன்றில் அட்டை மடங்கியது. ஒன்றில் நுனி இரும்பு. ஒரு கடையில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான்காவதோ ஐந்தாவதோ கடையில் ஒரு ஜோடி கிடைத்தது. அகலமான முன்பக்கம், பக்கவாட்டில் ஜிப், கணுக்காலுக்கு வெளியே கவசம். அட்டை சுலபமாக உள்ளே போனது. நான் கையை விட்டு நுனிவரை தடவிப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு" என்றேன்.

எஸ்தர் வாங்கித் தானும் கையை விட்டாள். அவள் புருவம் சுருங்கியது.

"இங்க என்னமோ குத்துதுங்க."

"எங்க?"

என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், ஆள்காட்டி விரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தினாள். கவசத்தைப் பொருத்திய ஆணியின் முனை அது. "தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.

கையை வெளியே எடுத்தேன். விரல் நுனியில் ஆணி பதிந்த பள்ளம் தெளிவாக இருந்தது. அவள் அந்தப் பள்ளத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு எதுவுமே தெரியவில்லை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் எஸ்தர் உட்கார்ந்துவிட்டாள். "எப்பலேர்ந்து?"

"தெரியல. கொஞ்ச நாளா திருகாணி கைய விட்டு நழுவுது. வயசுன்னு நெனச்சேன்."

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் போனால் கையால் பிழைக்கலாம் என்று எங்கேயோ ஒரு மூலையில் நினைத்து வைத்திருந்தேன் போலிருக்கிறது. அது அந்த நடைபாதையில் முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

"அட்டைய எடுத்துட்டு வந்தாச்சு. இன்னொரு கடை இருக்கு" என்று எழுந்தாள்.

அந்தக் கடைசிக் கடையில் கிடைத்ததைத்தான் இன்று போட்டிருக்கிறேன். எஸ்தர் இரண்டுக்குள்ளும் கையை விட்டுத் தடவி, உள்ளங்கையை விரித்துப் பார்த்து, சரி என்றாள். விரல் இல்லாத இடத்தில் கால் நகராமலிருக்க மருத்துவமனையில் மெத்தை ஒன்று செய்து கொடுத்தார்கள். முதலில் வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம், பிறகு தாமானைச் சுற்றி, பிறகு பக்கத்து வீடுகளுக்கு என்று பழகினேன். டாக்டர் சொன்னபடி மோட்டாரை விற்று, கையில் பிரேக் உள்ள ஸ்கூட்டர் வாங்கினேன். என் கையின் பிடி பலத்தை அவர் சோதித்தார். பிரேக் பிடிக்க இப்போதைக்குப் போதும் என்றார். அவர் சொன்ன இப்போதைக்கு என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறேன்.

முன்பு ஒரு நாள் என்றால் எனக்கு இத்தனை வீடுகள் என்று கணக்கு. இப்போது ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கிறேன். சிவப்பு இருந்தால், அது மறைகிறதா என்று காத்திருக்கிறேன். மறைந்தால் அடுத்த வீடு. மறையவில்லை என்றால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது. அவசரம் என்பது என் உடம்பிலிருந்து போய்விட்டது. அமைதி வந்ததால் போகவில்லை, பயத்தால் போனது.

சென்ற மாதம் மகளுக்குப் பிரசவம். எஸ்தர் ஜொகூருக்குப் போனாள். தினமும் காலையில் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்ப்பது அவள்தான். அதனால் போவதற்கு முன் பலமுறை சொன்னாள், வேலைக்குப் போகாதீர்கள் என்று. மறுநாள் காலை சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒருவர் அழைத்தார். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவின் அறையில் ஏர்கோன் ஓடவில்லை என்றார். வருகிறேன் என்றேன்.

பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். நுனிப்பக்கம் இருட்டாகத்தான் இருந்தது. கையை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாததால் தெரியவில்லையா, இருந்தும் தெரியவில்லையா என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இரண்டு பூட்ஸையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். மலாய்க்கார அக்கா, காக் ரோஸ், வந்தார். பல வருடமாக வேலிக்கு மேலே வணக்கம் சொல்வதோடு சரி, அந்த வாசலில் நான் நின்றதில்லை. மலாயில் சொல்ல ஆரம்பித்து, வார்த்தை கிடைக்காமல், பூட்ஸை நீட்டினேன். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், என் கைக்குத் தெரியவில்லை என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஈரக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, முதல் பூட்ஸை மடியில் வைத்துக் கையை விட்டார்.

"தாக் அடா அபா-அபா, பாங்" என்றார். ஒன்றும் இல்லையாம். அடுத்ததை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முதல் பூட்ஸையே மறுபடி எடுத்து, இம்முறை மெதுவாக, குதிகாலிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டே போனார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஏதாவது இருந்தால், எனக்கு அது அந்த முகத்தில்தான் தெரியும்.