பெண் வீட்டார் கேட்க வந்த பேஸ் கிடார்

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். மெல்லிசை மேடைகளில் பல வருடம் நின்றிருக்கிறேன். ஆனால் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. "ஹலோ, செக்" என்றுகூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவன் இப்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் நேரத்தைக் கேட்பது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பாடியவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பின்னால் நின்று பேஸ் கிடார் வாசித்தவனைப் பற்றி வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்ற தைரியம் ஒன்றுதான் எனக்கு.

எழுபதுகளின் தொடக்கம். பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் சட்டைத்துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. முகூர்த்த நாட்களில் சாயங்காலம் கல்யாண ரிசப்ஷனில் வாசிப்பேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சீக்கிரம் போகவேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிப் போய் நின்றால், "நம்ம கடையில துணி எடுத்தவங்க வீட்டுலதானலே வாசிக்கப் போற, போ, போ" என்று அனுப்பிவிடுவார்.

பேஸ் கிடார் என்றால் அன்றைக்குப் பாதிப் பேருக்குத் தெரியாது. சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் கனம். பாட்டுக்கு மேலே வராது, அடியிலேயே போய்க்கொண்டிருக்கும். ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். விளக்கம் சொல்வதைவிட அது எனக்குச் சுலபம்.

நல்ல கம்பி அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். யாராவது கப்பல்காரர் கொண்டுவந்தால் உண்டு. அதனால் ஒரே செட்டை வருடக்கணக்கில் ஓட்டுவோம். கைப்பிசுக்கு ஏறி, கம்பி செத்துப்போய், தொட்டால் கட்டையைத் தட்டுவதுபோலச் சத்தம் வரும். அப்போது நாலு கம்பியையும் கழற்றிச் சுருட்டி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினால் இன்னும் சில கச்சேரிக்கு உயிர் வரும். நான் அபிராமபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். முதல் தடவை நான் கம்பியைக் கொதிக்கவிட்டபோது அக்கா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஆட்டுக்கால் பாயாவா?" என்றாள். அந்தப் பாத்திரத்தை அதோடு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

ஆம்ப்ளிஃபயர் வால்வு போட்டது. ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் கட்டிக் கொடுத்தார். ஸ்பீக்கர் பெட்டியை மாம்பலத்தில் பீரோ செய்கிற ஆசாரி செய்தார். அவருக்குப் பழக்கம் பீரோ என்பதால் பெட்டியும் பீரோ கனம்தான். தூக்க இரண்டு பேர் வேண்டும். ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்தால் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டுவேன். வால்யூம் திருகில், சரியான இடம் எது என்று தெரிய, அக்காவின் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளியில் வைத்தால் பாட்டுக்கு வேண்டிய கனம் இருக்கும். அதற்குக் கீழே போனால் நான் நிற்பதும் நிற்காததும் ஒன்றுதான்.

எனக்கு வயது ஏறிக்கொண்டே போக, அக்கா பெண் தேடினாள். இரண்டு இடம் தட்டிப்போயிற்று. இரண்டு வீட்டிலும் ஒரே காரணம். "ஆர்க்கெஸ்ட்ராக்காரனா? குடிப்பானுங்களே." நான் டீயைத் தவிர எதுவும் குடித்ததில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது இடம் மயிலாப்பூர். பெண்ணின் அப்பா தண்ணீர் பம்பு நிலையத்தில் மோட்டார் ஓட்டுபவர். பெண் பார்க்கப் போன அன்று அவருக்கு ஷிப்ட், வீட்டில் இல்லை. நான் வெட்கத்தில் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைப் புடவை என்பதைத் தவிர அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கிளம்பும்போது, "கேசரி புடிக்கலியா? தட்டு அப்படியே கீதே?" என்று உள்ளே அவள் யாரிடமோ கேட்டது காதில் விழுந்தது. கேட்ட விதத்தில் கேலியும் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது. அந்தக் குரலிலேயே என் மனசு நின்றுவிட்டது. வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அடுத்த வாரம் அக்கா சேதி கொண்டுவந்தாள்.

"கடைக்கு ஆள் அனுப்பி விசாரிச்சிட்டாங்களாம். நல்ல பேருதானாம். சாயந்தரத்துல பண்ற வேலைதான் இன்னான்னு பொண்ணோட அப்பா நேர்ல வந்து பாக்கணுமாம். இந்த வெள்ளிக்கெழமை தி.நகர்ல வாசிக்கிறியே, அங்க வராங்க."

"அது யார் வீட்டுக் கல்யாணமோ. அங்க எப்படிக்கா வருவாங்க?"

"வரட்டுமே. பொண்ணு வூட்டுக்காரங்க இவங்கள மாப்ள வூட்டு ஆளுங்கன்னு நெனச்சிப்பாங்க. மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு வூடுன்னு நெனச்சிப்பாங்க. சாப்டே போலாம்." பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அவருக்குப் புடிக்கலன்னா கிடாரை வுட்டுடுவான்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன். கோச்சுக்காத" என்றாள்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் கம்பிகளைக் கழற்றிக் கொதிக்கப் போட்டேன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண் வேண்டும், இதுவும் வேண்டும் என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் அது. அப்புறம் ஆடி, கல்யாணம் கிடையாது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. மணமக்களின் மேடைக்குப் பக்கவாட்டில் எங்களுக்கு ஒரு சின்ன மேடை. எங்கள் டிரம்மர் கடலோரத்து ஊரூர் குப்பத்துக்காரன், வாயில் பூட்டு கிடையாது. அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அது முதல் தப்பு.

"இன்னா மச்சி, மாமனாரு மூஞ்சி கூடத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்துவிட்டு, கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "தோ, முன்னால குந்திகினு கீறாரு பாரு, பட்டு வேட்டி. வந்ததுலேர்ந்து உன்னியே மொறச்சிகினு கீறாரு. அவருதான். மூஞ்சிலயே எழுதி ஒட்டிகீது."

பார்த்தேன். பெரிய மீசை. அவருக்கு இரண்டு வரிசை பின்னால் ஒரு பச்சைப் புடவையும் தெரிந்தது. பச்சைப் புடவைகள் அன்று மண்டபம் முழுக்க இருந்தன என்பது எனக்குத் தோன்றவில்லை. நான் அவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தேன். மேடையில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதிலிருந்து நான் வாசித்ததெல்லாம் அவருக்காகத்தான். கம்பிகள் அன்று நன்றாகப் பேசின. சின்னப் பிள்ளைகள் மேடைக்கு முன்னால் கைகோத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது பாட்டு முடிந்ததும் பட்டு வேட்டிக்காரர் எழுந்து எங்களை நோக்கி வந்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அவர் எங்கள் தலைவரிடம் போனார். தலைவர்தான் எங்கள் பாடகர். மாம்பலத்துக்காரர், வங்கி உத்தியோகம். "ஒரு வார்த்தை பேச முடியலீங்க. சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்றார் பட்டு வேட்டி. சொல்லிவிட்டு, "அது என்னமோ நெஞ்சுல இடிக்குது" என்று என் பெட்டியைக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

பெண்ணின் அப்பா கேட்டு நான் மறுப்பதா? திருகைச் சிவப்புப் புள்ளியிலிருந்து இறக்கினேன். கொஞ்சமாக இல்லை, அடிமட்டத்துக்கே இறக்கிவிட்டேன்.

அடுத்தது ஒரு டூயட். பல்லவி தாண்டுவதற்குள் பாட்டு சாய ஆரம்பித்தது. தாளம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், நடுவில் ஒன்றும் இல்லை. டிரம்மர் தனியாகத் தகர டப்பாவைத் தட்டுவதுபோலக் கேட்டது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்று, ஐஸ்கிரீம் பக்கம் போய்விட்டன.

தலைவர் இடையிசை வரும் நேரத்தில் மைக்கை மூடிக்கொண்டு திரும்பினார். "என்னடா ஆச்சு? பேஸ் எங்க போச்சு? பாடவே முடியல, அந்தரத்துல நிக்கறாப்ல இருக்கு."

"மச்சி, எழுந்திரு! காலைல காப்பி குடிச்சியா இல்லியா?" என்று பின்னாலிருந்து டிரம்மர் கத்தினான்.

முன்வரிசையில் பட்டு வேட்டிக்காரர் பக்கத்து நாற்காலிக்காரரோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தோஷம். இப்படியே விட்டால் கல்யாணம் நடந்துவிடும் என்று தோன்றியது. தலைவரைப் பார்த்தேன். சரணத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார், கழுத்து நரம்பு தெரிந்தது. இந்த மனிதரை அந்தரத்தில் விட்டுவிட்டு நான் யாருக்காகச் சும்மா நிற்கிறேன்?

திருகைச் சிவப்புப் புள்ளிக்கு ஏற்றினேன். இன்னும் ஒரு நூல் அதிகமாகவே ஏற்றினேன். சரணத்தின் முதல் அடியில் நாலாவது கம்பியை அழுத்தி இழுத்தேன். மேடைப் பலகை அதிர்ந்தது. தலைவரின் தோள் கீழே இறங்கியதைப் பின்னாலிருந்தே பார்த்தேன். பட்டு வேட்டிக்காரர் சட்டென்று திரும்பி முறைத்தார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை. போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தவுடன் அந்தக் கேசரிக் குரல் ஞாபகம் வந்தது. கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது.

ரிசப்ஷன் முடிந்து பந்தி நடக்கும்போது சாமான்களைக் கட்ட ஆரம்பித்தோம். மைக் செட் வைத்திருந்த பாய் என் வயரைச் சுற்றிக்கொண்டு வந்தார். கூடவே அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர். ஆரம்பத்திலிருந்து பாயின் மேஜைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். பாயின் எலெக்ட்ரீஷியன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"தம்பி, அந்த டூயட்டுல நடுவுல நிறுத்திட்டியே, ஏன்?" என்றார் அவர்.

"நிறுத்தல சார், கம்மி பண்ணேன். முன்னால இருந்த பெரியவர் சொன்னாரு."

"சொன்னா? யாரு அவரு, கவர்னரா?"

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை என்பதாலிருக்கலாம். "எனக்குப் பார்த்திருக்கிற பொண்ணோட அப்பா சார். நான் வாசிக்கறதைப் பார்க்கத்தான் வந்தாரு. மறுபடி ஏத்தினதுல அவருக்குக் கோவம். போச்சு சார்."

"கோவம் வரும்னு தெரிஞ்சும் ஏன் ஏத்துன?"

"பாட்டு கீழ விழுந்துடும் சார்."

அவர் பாயைப் பார்த்தார். பாய் சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "அடியில ஓடுறதுதான் உன் சத்தம்னு நானும் இவராண்ட சொல்லிகினேதான் இருந்தேன்பா. இவருக்கு உன் சத்தம் எதுன்னே தெரியல. 'அந்தத் தம்பி சும்மா கம்பியைத் தடவிகினு நிக்கிறாரா பாய்?'னு என்னையே கேட்டாரு."

"ஆமா, கேட்டேன்" என்றார் அவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நான் மோட்டார் ரூம்ல ஷிப்டு பாக்குறவன். மோட்டார் பக்கத்துலயே குந்திகினு பேப்பர் படிப்பேன். அது ஓடுற வரைக்கும் என் காதுல வுழாது. நின்னுச்சின்னா படக்குனு எழுந்துடுவேன். நீ கொறச்சப்ப எனக்கு அப்படித்தான் ஆச்சு. ஸ்டூலைவுட்டு எழுந்துட்டேன். கேளு பாயை."

மோட்டார் ரூம் என்ற வார்த்தை எனக்குள் போய்ச் சேர்வதற்குள், அவருக்குப் பின்னாலிருந்து, "அப்பா, போலாமா? அம்மா தூங்கி வழியுது" என்று ஒரு குரல் வந்தது. எனக்குத் தெரிந்த குரல். புடவை பச்சை இல்லை, கத்திரிப்பூ நிறம்.

"இருடி. யாரோ மீசைக்காரரு இவருக்கு மாமனாராம். அது யாருன்னு விசாரிச்சிகினு கீறேன்."

நான் பிடித்திருந்த பெட்டியைக் கீழே விட்டேன். டிரம்மரின் கால்மேலேயே விட்டேன். அவன் போட்ட சத்தத்தில் பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அது வேண்டியதுதான்.

அழைப்பில்லாமல் வந்து சாப்பிட மனசு வராமல், பெண்ணின் அப்பா ஒரு எவர்சில்வர் டம்ளர் செட் வாங்கி வந்திருந்தார். அதைக் கொடுக்க மூன்று பேரும் மணமேடை ஏற, போட்டோக்காரர் விடாமல் நிறுத்திப் படமும் எடுத்துவிட்டார். "யாரோ ஒரு பொண்ணு பக்கத்துல நின்னு ஈன்னு இளிச்சாச்சு" என்று அவள் தன் அப்பாவிடம்தான் சொன்னாள். ஆனால் எனக்கும் கேட்கும்படி சொன்னாள். முன்பின் தெரியாத அந்த வீட்டு ஆல்பத்தில் அவர்கள் மூவரும் இன்றைக்கும் நின்றுகொண்டிருப்பார்கள்.

பட்டு வேட்டிக்காரர் மாப்பிள்ளையின் பெரியப்பாவாம்.

போகும்போது பெண்ணின் அப்பா பிடிகொடுத்து எதுவும் சொல்லவில்லை. "வூட்ல பேசிட்டு சொல்லி அனுப்பறோம்" என்றார், எல்லாப் பெண் வீட்டாரும் சொல்வதைப்போல. நான் கை கூப்பினேன். அவள் வாசல்வரை போய்விட்டு ஒரு தடவை திரும்பினாள். இந்தத் தடவை நான் தட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன்.

மறுநாள் அவர் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் அக்கா வீட்டுக்கு வந்து, சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிடாரை விடச்சொல்லி ஒன்றும் கேட்கவில்லையாம். நான் கடைக்குப் போயிருந்தேன்.