முருங்கைத் தடிக்கு மேலால் போகாத கம்பி

உரும்பிராயில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதென்று எண்பத்தொன்பதில் முடிவானது அம்மாவுக்காகத்தான். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு வலத்தோள் சரியில்லை. வாளி பாதிக் கிணறு ஏறுவதற்குள் கை நடுங்கும். பள்ளிக்கூடம் போகுமுன் நான் அள்ளி வைப்பது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். அப்பா கயிற்றைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் தண்ணீர் மோட்டர் பூட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மின்சாரக் கந்தோரிலிருந்து பார்க்க வந்தவர் விதிகளைச் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் தூணிலிருந்து கம்பி நேராக வந்தால் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் காணி மூலையைக் கடக்கும். அதற்கு அவருடைய சம்மதம் வேண்டும். கம்பிக்குக் கீழே மரம் நிற்கக் கூடாது. அந்த மூலையில் மரமா இருந்தது? குப்பையும் காய்ந்த பனையோலையும்தான் கிடந்தன.

சித்தப்பா வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வேலி அடைக்கும்போதெல்லாம் கதியாலை எங்கள் பக்கம் ஒரு விரற்கடை தள்ளி நடுகிற மனிதர். அப்பாவும் சளைத்தவரல்ல, அடுத்த முறை திருப்பித் தள்ளுவார். மறுநாள் காலை அந்த மூலையில் ஒரு முருங்கைத் தடி நட்டிருந்தது. தண்ணீர்கூட ஊற்றியிருந்தார். கந்தோர்க்காரர் மறுபடி வந்தபோது, "என்ரை மரத்திலை ஒருத்தரும் கை வைக்கேலாது" என்றார்.

மரமாம்! தடியில் ஒரு துளிர்கூட இல்லை. இன்றும் முருங்கைக்கறி எனக்குத் தொண்டையில் இறங்காது.

அப்பா தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தானே போய்க் கேட்கிறேன் என்ற அம்மாவையும் விடவில்லை. மானம் போய்விடுமாம். ஒழுங்கையைச் சுற்றி வந்து, எங்கள் படலையடியில் புதிதாக ஒரு தூண் நட்டுத்தான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தத் தூணுக்கு முறை வருவதற்குள் ஒரு வருஷம் போய்விட்டது. வீட்டுக்குள் வயர் இழுத்து, மீற்றர் பலகை அடித்து, கிணற்றடியில் மோட்டருக்குச் சீமெந்துக் கட்டும் கட்டியாயிற்று. கம்பி வருமுன், தொண்ணூறில் நாட்டில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க மின்சாரம் நின்றது.

சில நாட்களில் சித்தப்பா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு வருஷமாக முகம் பார்க்காதவர்.

"என்ன அண்ணை, இப்ப எங்கடை வீட்டிலையும் கரண்ட் இல்லை. எல்லாருக்கும் ஒண்டுதானே."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைவிடக் கேவலம், அப்பா சிரித்தார். கதிரையை இழுத்துப் போட்டார். இருவரும் விறாந்தையில் காலை நீட்டி இருந்துகொண்டு, ஒற்றுமையில்லாததால்தான் எங்கடை சனம் இப்படிச் சீரழிகிறது என்று கதைக்கத் தொடங்கினார்கள்.

அப்பா உள்ளே திரும்பி, "இஞ்சாரும், தம்பிக்கு ஒரு தேத்தண்ணி போடும்" என்றார்.

குடத்தில் தண்ணீர் இல்லை. அம்மா இடக்கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு விறாந்தையால் இறங்கினார். இருவரும் கதையை நிறுத்தாமல், கால்களைச் சற்று மடக்கி அவருக்கு வழி விட்டார்கள்.