சூளை லிஸ்ட்டைச் சரிசெய்தவர்

விருத்தாசலத்தில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜங்ஷனுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும், சென்னை ரயிலுக்கு நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் படித்தவர்கள்தாம். வண்டி வந்ததும் அவ்வளவு பேரும் ஏறிப் போய்விடுவார்கள். ஊரில் மிச்சம் இருந்தவர் கொளஞ்சிநாதன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் படித்தது டைப்ரைட்டிங். பிறகு கடலூரில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கோர்ஸ். அதில் ஆக்சஸ் என்று ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆட்களையும் சரக்கையும் வரிசையாக எழுதிவைத்து, கேட்டால் கேட்டபடி எடுத்துக் கொடுக்கும் டேட்டாபேஸ். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மனிதர் கரையேறிவிட்டார். பீங்கான் எஸ்டேட்டில் சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கப்பு, பொம்மை, அகல் விளக்கு என்று ஆளாளுக்குத் தங்கள் கொட்டகையில் வார்த்துக் காயவைப்பார்கள். ஆனால் ஆளுக்கொரு சூளை கட்ட யாரிடம் வசதி இருக்கிறது? சங்கத்துப் பொதுச் சூளையில்தான் எல்லாரும் முறை வைத்துச் சுட்டுக்கொள்வார்கள். அந்த முறையை எழுதிவைக்கும் ஃபைல் கொளஞ்சிநாதன் தன் கையால் செய்தது. யூனிட் நம்பர், ஓனர் பேர், என்ன சரக்கு. முறை வேண்டும் என்று யாராவது வந்து சொன்னால், அல்லது போன் அடித்தால், கடைசியில் ஒரு வரி சேர்ப்பார். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

அந்த ஃபைலுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளேயிருந்து ஒரு பெயரை அழித்தாலும் அது இருந்த இடம் காலியாகாது. வீட்டைக் காலி செய்தவன் சாவியைக் கொடுக்காமல் போன மாதிரி. நாளாக நாளாக ஃபைல் ஊதிப்போய் ஆமையாக நகரும். அதற்கு மருந்தாக ஆக்சஸிலேயே ஒரு பட்டன் இருக்கிறது, ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ என்று. அழுத்தினால் ஃபைலைப் பிழிந்து சுருக்கி, கெட்டுப்போனதையும் முடிந்தவரை சரிசெய்து கொடுக்கும். கொளஞ்சிநாதனிடம் இருந்த ஒரே மாத்திரை அதுதான். அரிசி மில்லில் பில் போடும் ஃபைல் திறக்கவில்லையா, லாட்ஜில் ரூம் கணக்கு மக்கர் பண்ணுகிறதா, கூப்பிடு கொளஞ்சிநாதனை. வருவார், சட்டைக் கையை மடிப்பார், அந்த ஒரு பட்டனை அழுத்துவார், டீ குடித்துவிட்டுப் போவார். ஊரே அவரை ‘ரிப்பேர் சார்’ என்றது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் அவருடைய சொந்த ஃபைலே படுத்துக்கொண்டது.

படுப்பதற்கும் ஒரு நேரம் காலம் உண்டே. கார்த்திகை தீபத்துக்கு முன்னால் விளக்கு சுட வேண்டும் என்று எஸ்டேட்டே முறைக்கு முண்டியடிக்கிற சமயம். காலையில் ஃபைலைத் தட்டினால், ‘இது என்ன ஃபைல் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை’ என்கிற அர்த்தத்தில் ஆக்சஸ் ஒரு செய்தி காட்டியது. சங்கத் தலைவர் கோகுலகிருஷ்ணன் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பின்னால் ஒருத்தர் நின்றால் கொளஞ்சிநாதனுக்குக் கை தானாக வேகமெடுக்கும். அதுதான் அவரைக் கெடுத்தது.

பட்டனை அழுத்தினார். வேறு யாரோ ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றது. பக்கத்து சிஸ்டத்தில் உட்காரும் அன்பரசியைப் பார்த்து, “மூடும்மா அத” என்றார். “நான் தொறக்கவே இல்லீங்க சார்” என்றாள் அந்தப் பெண். திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஆக்சஸ் ஒரு குட்டி ஃபைலைப் பக்கத்தில் போட்டு வைக்கும். முந்தின நாள் கரண்ட் போனபோது அது அப்படியே தங்கிவிட்டிருந்தது. அதை அழித்தார். மறுபடி அழுத்தினார். டிஸ்கில் இடம் போதாது என்றது. சுருக்கும்போது அது புதிதாக இன்னொரு ஃபைலை எழுதும், அதற்கு இடம் வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? வாரா வாரம் அவர் எடுத்து வைத்த பழைய காப்பிகள் கண்ணில் பட்டன. எல்லாவற்றையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் கையோடு காலி செய்தார். நோயாளியைப் பிழைக்க வைக்க வேண்டிய மருந்தையே கொட்டிவிட்டு வைத்தியம் பார்த்த புண்ணியவான்.

மூன்றாவது முறை அழுத்தியபோது திரையில் கோடு முழுதாக ஓடி முடிந்தது. ஃபைல் திறந்தது. பெயர்கள் அத்தனையும் இருந்தன.

“ரிப்பேர் சாருன்னா சும்மாவா!” என்று தலைவர் அவர் முதுகில் தட்டினார். வாசலில் நின்ற யூனிட்காரர்களிடம் போய், வெளியூர்க்காரன் வந்தாலும் இப்படிச் செய்ய முடியாது என்று அளந்தார். பஜ்ஜி வந்தது. கொளஞ்சிநாதன் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, சுவரில் ஒட்டுவதற்காக முறை லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்தார். முதல் பெயரைப் பார்த்ததும் லிஸ்ட்டை அடிவரை விரல் வைத்துப் படித்தார்.

முதல் பெயர் தங்கராசு. தங்கராசு முந்தின நாள்தான் வந்து, மகள் நிச்சயதார்த்த அலைச்சலில் லேட்டாகிவிட்டது என்று சொல்லி முறை எழுதிக்கொண்டு போனவர். கடைசியில் இருக்க வேண்டியவர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து கொட்டகை வாடகைக்கு எடுத்து அகல் வார்க்கிற அமுதவள்ளி, முறை கேட்ட முதல் ஆட்களில் ஒருத்தி. அவள் பெயர் அடியில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. தங்கராசுவின் யூனிட் நம்பர் ஒன்று. அமுதவள்ளி சங்கத்தில் கடைசியாகச் சேர்ந்தவள், அவள் நம்பரும் கடைசி. ஃபைலைச் சுருக்கும்போது ஆக்சஸ் வரிகளை யூனிட் நம்பர்படி அடுக்கிவிட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. எந்தத் தேதியில் யார் கேட்டார் என்று எழுத அவர்தான் ஓர் இடமே வைக்கவில்லை. எழுதின வரிசையிலேயே அது எப்போதும் நிற்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். பழைய வரிசையைப் பார்க்க ஒரு காப்பியும் இப்போது மிச்சமில்லை. சீசன் இல்லாத நாளில், லிஸ்ட் காலியாக இருக்கும்போதுதான் அந்தப் பட்டனை அழுத்துவது வழக்கம் என்பதால் இத்தனை வருஷமாக இது வெளியே வரவில்லை.

ஒரு வார்த்தை போதும். வாசலுக்குப் போய், “வரிசை கலைஞ்சி போச்சு, என் தப்புதான், எல்லாரும் வாங்க, பேசி மறுபடி எழுதிக்கலாம்” என்று சொல்லியிருக்கலாம். அடித்தா கொன்றுவிடுவார்கள்? ஆனால் வாசலில் தலைவர் இன்னும் அவர் புகழைத்தான் பாடிக்கொண்டிருந்தார். கொளஞ்சிநாதன் உதட்டில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போய் லிஸ்ட்டைச் சுவரில் ஒட்டினார்.

மறுநாள் தங்கராசுவே வந்து கேட்டார். “சார், நான் முந்தாநாத்துத்தான எழுதினேன். எப்பிடி மொதல்ல வந்துச்சு?”

“லிஸ்ட்டு எப்பிடி வருதோ அப்பிடித்தாங்க. ஒங்க நேரம் நல்லா இருக்குது” என்றார் கொளஞ்சிநாதன், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் முகத்தைக் கழுவ வேண்டும் போல இருக்கும்.

அமுதவள்ளி அடுத்து வந்தாள். “சார், எம் மொற முன்னாடியில்ல இருந்துச்சு?”

“சிஸ்டத்துல இப்பிடித்தான் இருக்குதும்மா.”

அவள் லிஸ்ட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார். யாரோ ஒங்களுக்கே தெரியாம வெள்ளாடியிருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சுட்ட விளக்குக்கு மழை ஒன்றும் செய்யாது. சுடாத விளக்கு வெறும் மண். அமுதவள்ளியின் கொட்டகை ஒழுகி, அடுக்கி வைத்த அகல்களில் பாதி நனைந்து உட்கார்ந்துவிட்டன. மிச்சத்துக்குச் சூளை முறை வந்தபோது கார்த்திகை தீபம் முடிந்திருந்தது. தீபம் முடிந்தபின் அகல் விளக்கை யார் வாங்குவார்கள்? ஆர்டர் கொடுத்த புதுச்சேரிக் கடைக்காரர் போனைக்கூட எடுக்கவில்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி முழுக்கத் தங்கராசு தலையில் விழுந்தது. தலைவருக்கு ஏதோ கொடுத்து முதல் முறை வாங்கிவிட்டார் என்று டீக்கடையில் பேசினார்கள். அமுதவள்ளி அவர் வீட்டுக்கே போய், வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டாள். அன்றைக்குத் தங்கராசுவின் மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அத்தனை பேர் எதிரில். கொளஞ்சிநாதன் இதையெல்லாம் கேள்விப்பட்டார். கேள்விப்பட்டு, வேறு பாதையாக வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டார். ‘நாளைக்குச் சொல்லிவிடலாம்’ என்பதை அவர் தினமும் சொல்லிக்கொண்டார். நாளைக்கு என்பது தினமும்தான் வருகிறது.

மார்கழி பிறந்ததும் ஒரு மத்தியானம் அமுதவள்ளி ஆபீசுக்கு வந்தாள். அன்பரசி சாப்பிடப் போயிருந்தாள். அமுதவள்ளி கையில் ஒரு வெள்ளைத் தாள்.

“சார், மணவாளநல்லூரு போறேன். கொளஞ்சியப்பர்ட்ட பிராது கட்டப் போறேன். என் எழுத்து கோழி கிண்டினாப்புல இருக்கும். சாமிக்குப் போறது, நீங்க எழுதிக் குடுங்க.”

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்ட்டில் வழக்குப் போடுவது போல, தன் பெயர், ஊர், தனக்குச் செய்த அநியாயம் எல்லாம் தாளில் எழுதி அந்தக் கோயிலில் கட்டுவார்கள். அதற்குப் பிராது என்று பேர். அதன்பின் விசாரணை சாமியுடையது. போலீசுக்குப் பயப்படாதவனும் அந்தப் பிராதுக்குப் பயப்படுவான். கொளஞ்சிநாதனுக்குக் கேட்கவே வேண்டாம். அவர் அம்மா அந்தச் சாமியிடம் வேண்டிக்கொண்டு பெற்று, அந்தச் சாமி பெயரையே வைத்த பிள்ளை அவர்.

பேனாவை எடுத்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கருவேப்பிலங்குறிச்சி அமுதவள்ளி. அகல் விளக்குத் தொழில். முறைப்படி எனக்கு வர வேண்டிய சூளையை எனக்கு வரவிடாமல் செய்து என் பிழைப்பைக் கெடுத்தவர்.

“எதிராளி பேரு தங்கராசுன்னு எழுதுங்க சார். அவரு குடும்பத்த சாமி கேக்கட்டும்.”

பேனா நின்றது. தங்கராசுவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது ஒரு கேவலம். இதைத் தன் கையால் எழுதிச் சாமியிடம் அனுப்பினால் அதைச் சொல்ல வார்த்தையே கிடையாது. குனிந்து ஒரு பெயரை எழுதினார். தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அமுதவள்ளி எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். பிறகு சிரித்தாள். “என்ன சார், எழுதிக் குடுத்தவரு பேரு அடியில போடணும். நீங்க எதிராளி எடத்துல போட்டுட்டீங்களே.”

“எடம் சரியாத்தாம்மா இருக்குது” என்றார் கொளஞ்சிநாதன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பட்டன், பழைய காப்பி, பஜ்ஜி உட்பட. அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே சொன்னார். திட்டுவாள், கன்னத்தில் அறைந்தாலும் அறைவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அய்யய்யோ. அந்த மனுசன் வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்துனேனே சார். கல்யாணப் பொண்ணு பாத்துக்கிட்டு நின்னுச்சே.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வெட்கம் தன்னுடையது மட்டும்தான், சொல்லிவிட்டால் தன்னோடு போய்விடும் என்று நினைத்திருந்தார். இப்போது ஒன்றும் தெரியாத ஒரு பொம்பளை அவர் கண்ணெதிரில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க வர வேணாம்மா. நானே போயி அவருகிட்ட சொல்லிடறேன்.”

“தூத்துனது நானில்ல? நடங்க சார்” என்று எழுந்தாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டுவதா வேண்டாமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

தங்கராசு கொட்டகையில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தார். அமுதவள்ளியைப் பார்த்ததும் எழுந்து, “இன்னும் என்னம்மா வேணும் ஒனக்கு?” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் கொளஞ்சிநாதன் முன்னால் போய்ச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே சொன்னார்.

தங்கராசு கை மண்ணைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்தபிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் மறுநாளே வந்து கேட்டனே சார்” என்றார். “அப்ப சொல்லியிருந்தா எம் மொறய இந்த அம்மாவுக்கே வுட்டுட்டு, நான் கடைசியில சுட்டிருப்பேன். எனக்கென்ன, கப்புதான. கார்த்திக முடிஞ்சாலும் ஜனங்க டீ குடிப்பாங்கல்ல.”