அத்தை கேட்ட குழந்தை

லுசேயானேயின் குடும்பத்தில் அத்தை கேட்டால் மறுபேச்சு கிடையாது. தோங்காத் தீவுகளில் எந்தக் குடும்பத்திலும் அப்படித்தான் என்றாலும், இந்தக் குடும்பத்து அத்தைக்குக் கை கொஞ்சம் நீளம். அப்பாவின் அக்கா ஃபிஃபித்தா நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து வந்து இறங்கினால், கொழுத்த பன்றியும் நல்ல பாயும் அவள் பக்கம் தாமாகவே நகர்ந்து போகும்.

லுசேயானேயின் சித்தப்பா செத்தபோது வந்தாள். முறைப்படி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்து, பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் அவளுக்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, தவழ்ந்து வந்த லுசேயானேயின் மகள் லூபேயைத் தூக்கி, "இதையும் சேர்த்துக் கட்டுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. லுசேயானேயின் அப்பா தலையைக் குனிந்து நன்றி சொன்னார். இருபத்திரண்டு வயது லுசேயானேயும் நன்றி சொன்னாள். மகளின் சட்டைகளைத் தன் கையாலேயே மடித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. பழம் பறிக்க ஆஸ்திரேலியா போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் கண்டுகொண்டான். அவள் தாழை ஓலையைக் கிழித்துப் பாய் பின்னினாள். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போனாள். வீட்டில் அவள் பேச்சுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆக்லாந்தில் வளர்ந்த லூபே எப்போதாவது போனில் வந்து, "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்பாள். பெற்றவளை அக்கா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது யார் என்று லுசேயானே கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

இப்போது வயது நாற்பத்து நாலு. தம்பி சத்தேக்கிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்காள் என்ற முறையில் சிசிலியா என்று பேர் வைத்தவளே லுசேயானேதான். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஆக்லாந்திலிருந்து போன் வந்தது.

"விருந்துல குழந்தையைக் கேட்டுடு" என்றாள் ஃபிஃபித்தா.

"எதுக்கு அத்தை? அவங்களுக்கு இது ஒண்ணுதான்."

"உனக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு. நான் கேட்டப்ப நீ முகத்தைச் சுளிச்சியா?"

லுசேயானே போனை மறு காதுக்கு மாற்றினாள். அத்தை விடவில்லை.

"உன் தம்பி பிள்ளை மேல உனக்கு உரிமை இருக்கு. அந்த வீட்ல தனியா கிடந்து என்ன பண்ணப் போற? நான் சொல்றேன், கேளு."

இவளுக்குத் தம்பி பிள்ளைமேல் உரிமை. இவள்மேல் அந்த அத்தைக்கு உரிமை. மாட்டேன் என்று சொல்ல நம் வீடுகளில் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சரி அத்தை என்றாள். உண்மையைச் சொன்னால், ஆசையும் இருந்தது. அந்த ஆசைதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

விருந்தன்று, குழந்தையின் அத்தை என்ற முறையில், லுசேயானேயை உயரமாக அடுக்கிய பாய்களின் மேல் உட்காரவைத்தார்கள். பெரிய கேக்கும், முழுப் பன்றியும், சேப்பங்கிழங்கு இலையில் தேங்காய்ப்பால் விட்டுச் சுட்ட இறைச்சியும் அவள் முன்னால் வந்தன. குழந்தை மட்டும் வரவில்லை. காய்ச்சல் என்று தம்பி மனைவி பிசிலா சொல்லியனுப்பினாள். சத்தேக்கி அக்காளிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. உள்ளே பார்த்து ஒரு உறுமல் உறுமினான். பிசிலா குழந்தையைக் கொண்டுவந்து லுசேயானேயின் மடியில் வைத்தாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. குழந்தை கேக்கில் கைவிட்டுச் சிரித்தது.

"கேக் மட்டும் போதுமா? இல்ல, அத்தை வேற எதுலயாவது கண்ணு வெச்சிருக்காங்களா?" என்று பெரியப்பா ஒருவர் வாயைக் கிளறினார். கூட்டம் சிரித்தது. பிசிலாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

"குழந்தையை நான் வளர்க்கிறேன்" என்றாள் லுசேயானே.

சத்தேக்கி தலையைக் குனிந்தான். "நல்லது மதினி. ரொம்ப நன்றி" என்றாள் பிசிலா. லுசேயானே ஒருகாலத்தில் சொன்ன அதே நன்றி. அவசரமாக, "நீயும் கூட வந்துடு பிசிலா. தாயையும் பிள்ளையையும் பிரிக்க வேண்டாம்" என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். போதகர், இதல்லவோ நல்ல மனசு என்று புகழ்ந்தார். அத்தை செய்யத் தெரியாததைத் தான் செய்துவிட்டதாக அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து அறையைப் பெருக்கும்போதுதான் உறைத்தது. தம்பி எங்கே படுப்பான்? வளர்ந்த அக்காளும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவிகூடப் பார்க்காத ஜனம் நாம். ஒரே கூரையின் கீழ் அவன் எப்படி வருவான்? தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காமல், புருஷனிடமிருந்து பெண்டாட்டியைப் பிரித்திருக்கிறாள். மடச்சி.

பிசிலாவும் குழந்தையும் குடிவந்த மூன்றாம் நாள், லுசேயானே அவளிடம் மெல்லச் சொன்னாள். "குழந்தையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிடேன்."

"நீங்க கேட்டதை ஊரே கேட்டுச்சு மதினி. திரும்பிப் போனா, கொடுத்ததைப் பிடுங்கிக்கிட்டோம்னு அவரைக் காறித் துப்புவாங்க."

"நானே திருப்பிக் கொடுத்தேன்னு சொல்லேன்."

"அப்ப எங்க பிள்ளை உங்களுக்குப் பிடிக்கலைன்னு ஆயிடும். அது இன்னும் மோசம்."

இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தேக்கி தினமும் சாயங்காலம் கடலிலிருந்து நேராக வருவான். வேலிக்கு வெளியே மீனை வைத்துவிட்டு, தலை நிமிராமல் போய்விடுவான். ஒரு வாரம் இதைப் பார்த்தாள் லுசேயானே. எட்டாம் நாள், அவன் வரும் நேரத்துக்கு முன்பே பின்வாசல் வழியாக இறங்கி, தனியே இருந்த சமையல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள். "அவங்க வீட்ல இல்லை, உள்ள வாங்க" என்று பிசிலா சொல்வது கேட்டது. பிறகு படியில் கால் வைக்கும் ஓசை. பிறகு குழந்தையின் சிரிப்பு, தம்பியின் சிரிப்பு. அவன் சிரித்துக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

அடுப்பில் தேங்காய் மட்டை புகைந்துகொண்டிருந்தது. நெஞ்சு கமறியது. ஒரு இருமல் இருமினால் போதும், அவன் எழுந்து போய்விடுவான். லுசேயானே பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.