நாலு மணி பைனல்

என் வீட்டுக்காரர் கோச்சாக இருக்கிற ஃபுட்பால் டீம் லீக் ஆட்டத்தில் தோற்று நான் பார்த்ததே இல்லை. அப்போதெல்லாம் பைனலில் ஜெயித்தும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு ரன்னர் கோப்பை வரும். நாலு வருஷத்தில் நாலு கோப்பை, நாலும் ஒரே அச்சு, ஒரே உயரம். ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது எது எந்த வருஷத்துக் கோப்பை என்றுகூட எனக்குத் தெரியாது. "மாமா ரெண்டாவது வர்றதுக்குன்னே பொறந்தவரு" என்று என் தங்கை கேலி பேசுவாள். என்னைப் பெண் பார்க்க வந்ததிலும் அவர் ரெண்டாவது ஆள்தான் என்பதால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

அவருக்கு வேலை பஸ் ஸ்டாண்டில், தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்று பார்த்து விசில் ஊதி விரட்டுகிற உத்தியோகம். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் டிரைவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். சாயந்திரம் ஆனால் அதே விசிலோடு கிரவுண்டுக்குப் போய்விடுவார். டீமில் ஒருவர் பெயிண்டர், ஒருவர் கூரியர் கொடுக்கிறவர், கோல் போடுகிறவர் கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவர். எல்லோரும் பிழைப்பைப் பார்த்துவிட்டு வந்து ஆடுகிறவர்கள். இவருக்கும் இதில் சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லையே என்று நான் போடாத சண்டை இல்லை.

போன வருஷம் லீக் முடிந்த மறுநாள் கிளப் தலைவர் வீட்டுக்கு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா. காபியை முழுக்கக் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, தப்பா நெனைக்காத. கமிட்டில பேசிட்டோம். இந்த பைனலும் போச்சுன்னா வேற கோச்சப் பாக்கலாம்னு இருக்கோம்."

"சரிங்க முசியே" என்று இவர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அன்றைக்குக் குழம்பில் நான் உப்புப் போட மறந்திருந்தேன். உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டை நகர்த்துகிற மனுஷன், தட்டை வழித்துச் சாப்பிட்டு எழுந்தார். சாயந்திரம் வீட்டில் இருக்கமாட்டாரா என்று ஏங்கியவளுக்கு, ஐயோ, இனிமேல் இருந்துவிடுவாரே என்று பயம் வந்துவிட்டது. கிரவுண்டு இல்லாவிட்டால் அவர் இடிந்துபோய்விடுவார்.

மறுநாள் காலையில் இட்லி ஊற்றிக்கொண்டே யோசித்தேன். லீக்கில் வெளுத்து வாங்குகிற அதே பதினோரு பேர் பைனலில் மட்டும் ஏன் படுத்துவிடுகிறார்கள்? கண் திருஷ்டி என்றார்கள், பூசணிக்காய் உடைத்துப் பார்த்தாயிற்று. எனக்குப் பந்தாட்டம் ஒன்றும் தெரியாது. எல்லோரும் ஆஃப்சைடு என்று கத்தினால் நானும் கத்துவேன், அவ்வளவுதான். ஆனால் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து, பைனல் எப்போது தொடங்கும் என்று கொட்டாவி விட்டதில் எனக்கு நாலு வருஷ அனுபவம் உண்டு. அதுதான் கைகொடுத்தது.

லீக் ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தினர் கிடையாது. ரெஃப்ரி வந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பைனல் அப்படியா? நோட்டீஸில் நாலு மணி என்று இருக்கும். விருந்தினர் வந்து, மாலை விழுந்து, அவர் பேசி, வரிசையாகக் கை குலுக்கி முடிக்க ஐந்தரைக்கு மேல் ஆகிவிடும். எங்கள் டைம் கீப்பரோ மூன்றரைக்கே விசில் ஊதி ஆட்களை ஓடவிட்டுவிடுவார். நாலு மணிக்கு எல்லோரும் உடம்பு சூடேறி, இப்போதே ஆடத் தயார் என்று நிற்பார்கள். அப்புறம் ஒன்றரை மணி நேரம் சும்மா கிடந்து, உடம்பு ஆறி, விறைத்த காலோடு ஆடுவார்கள். எதிர் டீம்காரர்களோ அப்போதுதான் பஜ்ஜி தின்ற கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டு வந்திருப்பார்கள். தோற்காமல் என்ன செய்வது?

சொன்னேன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாலு மணின்னு போட்டிருந்தா நாலு மணிக்கு ரெடியா நிக்கணும். அதான் ஒழுங்கு."

"நல்லா ஒழுங்கா நின்னு ஒழுங்கா தோத்துக்கினு வாங்க. இன்னொரு கப்பு வெக்க எடம்தான் இல்ல."

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். "சரி, லேட்டா ஆரம்பிக்கலாம். திடீர்னு சீப் கெஸ்டு வந்து எறங்கிட்டா இன்னா பண்றது?"

அதுவும் எனக்குத் தெரியும். விருந்தினர் கிளம்பிவிட்டார் என்று போன் வந்த பிறகுதான் கமிட்டி ஆள் பைக்கில் போய்ப் பெரிய ரோஜா மாலையை வாங்கி வருவார். முன்னாலேயே வாங்கினால் வாடிவிடும். மாலை வந்த அரை மணிக்குள் விருந்தினரும் வந்துவிடுவார். நாலு வருஷமும் என் நாற்காலியைத் தாண்டித்தான் அந்த மாலை போயிருக்கிறது.

"மால வந்ததும் நான் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க கம்முனு இருங்க" என்றேன்.

பைனல் அன்று மூன்றரைக்கு எதிர்ப் பக்கம் அரியாங்குப்பம் டீம் ஓட ஆரம்பித்தது. அவர்களுக்கு அது முதல் பைனல், கோச்சும் புதுசு. என் வீட்டுக்காரர் விசிலை வாய்வரை கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தார். இது சரிப்படாது என்று நேராகப் போய்க் கையை நீட்டினேன். "குடுங்க அத." இத்தனை பேர் முன்னால் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"இன்னிக்கு அண்ணிதான் கோச்சு!" என்று பெயிண்டர் சிரித்தார்.

"ஆமா, கோச்சு சொல்றேன், எல்லாம் போயி நெழல்ல படுங்க" என்றேன். வேப்பமரத்தடியில் படுத்தார்கள். கோல்கீப்பர் குறட்டையே விட்டார்.

நாலே முக்காலுக்கு வாசலில் திடீரென்று பேண்டு முழங்கியது. தலைவர் பதறிப்போய், "அலே, அலே! கெளம்புங்க! ஆளுங்கள எழுப்புப்பா!" என்று கத்திக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். மாலை வந்திருந்தது, ஆனால் அது ஒல்லியான சாமந்தி மாலை. தலையை ஆட்டினேன், இல்லை என்று. நான் நினைத்தது தப்பாகிவிட்டால், அவர் கிரவுண்டை இழப்பது என்னாலேதான் என்று ஆகிவிடும். அவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். தலைவரிடம் ஏதோ சொன்னார். பிறகு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பேச்சை அவர் அப்படி நம்பியது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வந்தவர் விருந்தினருக்குத் துணையாக அழைத்திருந்த உள்ளூர்ப் பிரமுகர். ஐந்தே காலுக்கு ஒரு பைக் வந்தது. பின்னால் இருந்தவர் ரெண்டு கையிலும் ரோஜா மாலையைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தியிருந்தார். விசிலை எடுத்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. ரெண்டாவது ஊதலில் கிரவுண்டே திரும்பிப் பார்த்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. முதல் பாதியில் ரெண்டு பக்கமும் கோல் இல்லை. ரெண்டாவது பாதியில் அரியாங்குப்பத்து ஆட்கள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள். எங்கள் மீன் வண்டிக்காரர் குதிரை மாதிரி ஓடி ஒரு கோல் போட்டார். அந்த ஒன்று போதுமாக இருந்தது. நான் செருப்பு எங்கே போனது என்று தெரியாமல் குதித்தேன். தலைவர் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து, "எத்தினி வருஷமானாலும் நீதாம்பா கோச்சு" என்றார். முந்தின மாதம் காபி குடித்த அதே வாய்.

போட்டோ எடுக்கும்போது பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணோம். கோல்போஸ்டுக்குப் பக்கத்தில் அரியாங்குப்பத்துக் கோச் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். இவர் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கை வாசலைக் காட்டியது. கழுத்தைச் சுற்றி ஒரு மாலையை வரைந்து காட்டியது. கடைசியில் என்னைக் காட்டியது. அட பாவி மனுஷா!

வீட்டுக்குப் போகும்போது, பைக்கில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "எல்லாத்தையும் ஒளறிட்டீங்களா?"

"ம்."

"ஏன்?"

"நாலு தடவ நான் அப்புடி உக்காந்திருந்தேன். எவனும் வந்து சொல்லலயே."

"அடுத்த வருஷம் அவங்களும் மரத்தடியில படுத்துப்பாங்க. அப்புறம் எப்புடி ஜெயிக்கிறதாம்?"

"ஆடித்தான் ஜெயிக்கணும்" என்றார்.