சட்டை கழற்றிய கல்

தலை எது, வால் எது என்றே தெரியாத துண்டுகளை வைத்துக்கொண்டு ஒரு முழு உயிரைச் சொல்லிவிட முடியுமா?

1986. ஏற்காட்டில் ஒரு பள்ளியின் அறிவியல் அறையைக் கூட்டித் துடைப்பது குப்பாயியின் வேலை. அதற்கு முன் பதினைந்து வருஷம் எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கியவர். ஆயுத பூஜைக்குத் தராசு, நுண்ணோக்கி எல்லாவற்றையும் துடைத்தவர், அலமாரியில் இருந்த எட்டுக் கற்களையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார். ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகள் தண்ணீரோடு போயின.

அவை டிரைலோபைட் கற்கள். ஐம்பது கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் ஊர்ந்த, மரவட்டைபோலக் கணுக்கணுவான பூச்சி கல்லாகிக் கிடப்பது. இமயமலைப் பக்கம் ஒரே பாறையில் எடுத்தவை. அறிவியல் ஆசிரியர் தேவசிகாமணியின் நோட்டில் ‘தலை இரண்டு, வால் இரண்டு, உடைந்த துண்டு நான்கு’ என்று மட்டும் இருந்தது. தலையும் வாலும் ஒரே மாதிரி அரைவட்டம். அவராலேயே பிரிக்க முடியவில்லை.

“சந்தனம் வெச்சீங்க, சரி. சூடமும் காட்டியிருந்தா அதுவே பேரைச் சொல்லியிருக்குமே,” என்றார் எரிச்சலாக. திங்கட்கிழமை சேலத்திலிருந்து கல்லூரிப் பேராசிரியர் பார்க்க வருகிறார். அதற்குள் சரியாகாவிட்டால் குப்பாயிக்குப் பதில் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

குப்பாயி கற்களை முறத்தில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். உடைந்த கொட்டையை விரலாலேயே கண்டுபிடிக்கிறவர் அவர். நான்கு துண்டுகளின் ஓரத்தையும் தடவினார். உடைந்திருந்தால் ஓரம் சொரசொரக்கும்; இவற்றில் சொரசொரப்பே இல்லை. அரிவாள்போல வளைந்திருந்த ஒன்றை ஓர் அரைவட்டத்தின் பக்கத்தில் வைத்தார். கன்னம்போலப் பொருந்தியது. மறுபக்கமும் ஒன்று பொருந்தியது. அடுத்த அரைவட்டத்துக்கும் அப்படியே இரண்டு. மிச்சம் நின்ற இரண்டு கல்லோடு எதுவும் சேரவில்லை.

அவருக்குச் சில்வண்டு ஞாபகம் வந்தது. சவுக்கு மரப் பட்டையில் அது வளரும்போது கழற்றிவிட்டுப் போகும் கூடும் இப்படித்தான், ஒரு கோட்டில் பிளந்திருக்கும்.

“ஏனுங்க சார், இது உடைஞ்சதில்லீங்க,” என்றார் மெதுவாக. “கன்னம் சேருறது தலைங்க, சேராதது வாலுங்க. பூச்சி சாகலீங்க. பெருசாயி, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு நடந்து போயிருச்சுங்க.”

தேவசிகாமணி துண்டுகளைத் தானும் ஒருமுறை சேர்த்துப் பார்த்தார். திங்கட்கிழமை பேராசிரியர் லென்ஸை எடுத்து இரண்டு முறை பார்த்தார். தோல் உரித்த துண்டுகள்தான் என்றார். யார் சேர்த்தது என்று கேட்டார்.

தேவசிகாமணி குப்பாயியைக் காட்டிவிட்டு, புதுச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தார். “ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் எழுதறேன்,” என்றார்.

எங்காவது பாதிக் கல்லைப் பார்த்து இது உடைசல் என்று யாராவது ஒதுக்கினால், குப்பாயி அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்த கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள்.